இருபத்திரண்டு ஃபோல்டர்களும் என் நம்பரும்

என் மனைவி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிகைப்படுத்தவில்லை. எங்கள் கல்யாண போட்டோவிலேயே எல்லாரும் தெளிவாக இருக்கிறோம், அவள் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. போட்டோக்காரர் மூன்று தடவை கெஞ்சியும் அசைந்துவிட்டாள். சாப்பாடு நின்றுகொண்டே, பேச்சு நடந்துகொண்டே. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள், மறுபடியும் தெருமுனை வரை போய், "என்னங்க, கேஸை அணைச்சோமா?" என்பாள். அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் 'பம்பரம்' என்று பேர். வைத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் வேலையில் அவசரப்பட்டால் உயிர் போகும். அதனால் எனக்கு நிதானம் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று கேட்டால், பதினாறு வருஷம் ஒரு பம்பரத்தோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள், தெரியும்.

அவள் அந்த ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். நோயாளிகளின் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அப்போது வெளியாள் ஒருவர் வந்து ஆஸ்பத்திரிக்கென்று ஒரு இணையச் செயலி எழுதிக்கொண்டிருந்தார். பதிவு, டோக்கன், பரிசோதனை, மருந்து, ஆபரேஷன் தேதி எல்லாம் அதில்தான். இவள் தினமும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று (ஆமாம், நின்றுதான்) அவர் என்ன தட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு துண்டுத்தாளில்கூட எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது இவள், "நான் பாத்துக்கறேன்" என்றாள். பட்டம் கிடையாது, பயிற்சி கிடையாது. பதினான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி சொல்லப்போவது அவள் எனக்கு விளக்கியது. புரியாவிட்டால் அவளைத் திட்டுங்கள், என்னை வேண்டாம். அந்தச் செயலிக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஃபோல்டர். பதிவுக்கு ஒன்று, கண்ணாடிக் கடைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கண் வங்கிக்கு ஒன்று, இப்படி இருபத்திரண்டு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தனித்தனியாக ஒரு அமைப்புக் கோப்பு. நோயாளிக்குப் போகிற செய்தியில் என்ன பெயர் வரவேண்டும், விசாரிக்க எந்த போன் நம்பர், பதில் சொல்ல எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். ஆஸ்பத்திரியின் போன் நம்பர் மாறினால் இருபத்திரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்.

ஒருமுறை அப்படி மாற்றினாள். இருபத்தொன்றில் மாற்றினாள், கண்ணாடிக் கடையை விட்டுவிட்டாள். எட்டு மாதம் கண்ணாடிக் கடைச் செய்திகளில் பழைய நம்பரே போய்க்கொண்டிருந்தது. அந்த நம்பர் இதற்குள் ஒரு தனி மனிதருக்குப் போயிருந்தது. ஒருநாள் அவர் பொறுமை இழந்து நேரில் வந்து, நடுக்கூடத்தில் நின்று கத்தித் தீர்த்துவிட்டு, வந்ததே வந்தோம் என்று கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியே சிரித்தது. இவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்: இனி எல்லா ஃபோல்டருக்கும் மேலே ஒரே ஒரு கோப்பு, இருபத்திரண்டும் அதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் செயலியின் வழக்கம் என்னவென்றால், ஒரு ஃபோல்டருக்குள் சொந்தமாக ஒரு கோப்பு இருந்தால் அது மேலே இருப்பதை மதிக்காது, தன் கோப்பைத்தான் கேட்கும். அதனால் பொதுக் கோப்பை வைத்துவிட்டு, கீழே இருக்கிற இருபத்திரண்டையும் அழித்துவிட வேண்டும்.

இதில் நான் எங்கே வருகிறேன்? சோதனைக்கு. எதையாவது மாற்றினால் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு நம்பர் வேண்டுமே. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் நம்பரைப் போட்டுக்கொண்டாள். வருஷக்கணக்காக லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போதெல்லாம் என் பையில் போன் துடிக்கும்.

"பதிவு எண் 1. உங்கள் மூக்குக் கண்ணாடி தயார். மூக்கைக் கொண்டு வரவும்."

"அன்புள்ள நோயாளிக்கு, நேற்று துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஸ்க்ரூ இருந்தது. வாஷிங் மெஷின் அவசரப் பிரிவில் உள்ளது."

முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்துவிட்டது. வீட்டில் நின்று நாலு வார்த்தை பேசாதவள் அதில்தான் என்னோடு பேசினாள். ஆனால் வேலை நேரத்தில் போன் துடித்தால் எடுக்க மாட்டேன். தலை போகிற விஷயமாக இருக்காது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வழக்கம் வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை அவள் காலை ஆறு மணியிலிருந்தே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமைப் பதவி ஒன்றை ஆஸ்பத்திரி உண்டாக்கியிருந்தது. இவளுக்குத் தருவதா, படித்த ஆளாக வெளியிலிருந்து எடுப்பதா என்று பேச்சு. அன்று மதியம் மேலாளர் முன்னால் இந்த ஒரே கோப்பு வேலையை விளக்கிக் காட்ட வேண்டும்.

"பதினாலு வருஷமா நீதானே பாக்கற, உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. சட்டையில பட்டனைப் போடுங்க மொதல்ல" என்றாள்.

ஒன்பதரைக்குப் போன் பண்ணினாள். "மாத்திட்டேங்க. ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன். வந்துச்சா?"

பார்த்தேன். 'இன்று முதல் நாங்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே குடும்பம். வாழ்த்த வருவோர் பூ வாங்க வேண்டாம், வெங்காயம் போதும்.'

"வந்துச்சு" என்றேன்.

"அப்பாடா!" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து பண்ணிய முட்டாள்தனம் அதுதான். அவள் பொதுக் கோப்பைப் புதிதாக எழுதவில்லை. தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஒத்திகைப் பிரதியிலிருந்து ஒன்றை எடுத்து மேலே வைத்தாள். ஒத்திகைக் கோப்பின் கடைசியில் ஒரு வரி உண்டு: எந்த நோயாளிக்கு எழுதினாலும் அவருக்குப் போகாதே, எல்லாச் செய்தியும் இந்த ஒரு நம்பருக்கே போகட்டும். ஒத்திகை பார்க்கும்போது உண்மையான நோயாளிகளுக்குத் தப்பும் தவறுமாகச் செய்தி போய்விடக் கூடாது என்பதற்காக அவளே போட்டு வைத்த வரி. அந்த வரியோடு கோப்பு மேலே ஏறிவிட்டது, இருபத்திரண்டு ஃபோல்டரும் அதற்குக் கட்டுப்பட்டன. அப்புறம் அவள் சரிபார்த்தது என் நம்பருக்கு அனுப்பி. வராமல் எங்கே போகும்? ஊரில் யாருக்கு அனுப்பினாலும் எனக்குத்தானே வரும்!

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்கு அன்று வேலை. கூண்டின் மேல் கை முழுக்க கிரீஸ். பத்து மணியிலிருந்து பையில் போன் துடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. 'இன்னிக்கு இவளுக்குக் கொண்டாட்டம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருகினேன். கடைசியில் ஒரு துணியால் விரலைத் துடைத்து, எடுத்து, பார்க்காமலே சத்தத்தை அடக்கிவிட்டேன். அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆறாவது மாடிப் படியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்து போனைத் திறந்தேன். நூற்று அறுபத்து மூன்று செய்திகள். சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். 'பதிவு எண் 2240. உங்கள் டோக்கன் 57. மூன்றாம் அறைக்கு வரவும்.' 'பதிவு எண் 1875. உங்கள் மருந்து தயார்.' 'பதிவு எண் 903. நாளை காலை வெறும் வயிற்றில் வரவும்.' ஜோக் எங்கே என்று தேடிக்கொண்டே போனேன். இருபது படித்தேன். நாற்பது படித்தேன். ஒன்றிலும் ஒரு குறும்பு இல்லை. என் மனைவியால் மூன்று செய்தியைச் சேர்ந்தாற்போல ஒழுங்காக எழுத முடியாது. இவை அவள் எழுதியவை இல்லை.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பன்னிரண்டு முப்பத்து நாலுக்கு வந்திருந்தது. 'பதிவு எண் 318. உங்களுக்கான கருவிழி வந்துள்ளது. இன்று மதியம் இரண்டு மணிக்குள் நேரில் வரவும். வராவிட்டால் அடுத்தவருக்கு வழங்கப்படும்.'

யாரோ இறந்து, யாரோ கண்ணைக் கொடுத்து, யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய சேதி கிரீஸ் கையோடு படியில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் இருக்கிறது.

அவளுக்குப் போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றது. கூட்ட அறைக்குள் போகிறவர்கள் போனை வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். விசாரணை நம்பருக்குப் பண்ணினேன், பாட்டு ஓடியது. டப்பாவை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

"சார், லிஃப்டு?" என்று காவலாளி கத்தினார். "மூணாவது மாடி அம்மா பீரோவோட நிக்கறாங்க!"

"பீரோ எங்கயும் போகாது!" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன்.

ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. எண்ணெய்ச் சட்டையோடு மாடியேறி, கூட்ட அறைக் கதவைத் தட்டாமலே திறந்துவிட்டேன். நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, திரைக்குப் பக்கத்தில் இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். திரையில் மேலே ஒரு கட்டம், கீழே இருபத்திரண்டு கட்டம். மேலாளர் முகத்தில் சிரிப்பு. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தேன்.

"என்னங்க, இங்க?" என்றாள்.

"நீ காலையிலேர்ந்து எத்தன மெசேஜ் அனுப்பின?"

"ஒண்ணு."

போனை நீட்டினேன். வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடி அவள் அறையில் இல்லை.

அவள் மேஜைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அந்த வரியை அழித்திருந்தாள். நின்றுகொண்டே காலையிலிருந்து போகாத செய்திகளை எல்லாம் மறுபடி அனுப்பினாள். கீழே காத்திருப்போர் கூடத்தில் பைகளுக்குள்ளும் இடுப்பிலும் சட்டையிலும் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவ ஆரம்பித்தன. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "எனக்குப் பத்து மணிக்கே டோக்கனாம், இப்ப சொல்றாங்க!" என்று சண்டைக்குக் கிளம்பினார். இவள் அதற்குள் கண் வங்கிக்கு ஓடிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

கண் வங்கியில் இருக்கும் நர்ஸை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். 318 யார் என்று அவர் எடுத்துப் பார்த்தார். காஜா எடுக்கிற ஒரு அம்மா, அதாவது சட்டைக்குப் பட்டன் துளை தைக்கிற வேலை. இரண்டு கண்ணிலும் கருவிழி மங்கி, வேலையை விட்டு மூன்று வருஷம். வரிசையில் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும். போன தடவை கூப்பிட்டபோது காய்ச்சலில் படுத்துக்கொண்டு வரவில்லை.

"ரெண்டாவது தடவையும் வரலைன்னா பேரு வரிசையில கடைசிக்குப் போயிடும்" என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு வருஷம்."

போன் போட்டார். ஒலிபெருக்கியில் அந்தம்மாவின் குரல் வந்தது. "இப்பத்தாம்மா மெசேஜே வருது! தினமும் பொண்ணை விட்டுப் பாக்கச் சொல்றேனே! இப்பவே கிளம்பறேன். பஸ்ல ஒன்னேகால் மணி நேரம் ஆகும். வச்சிருப்பீங்கல்ல? வச்சிருப்பீங்கல்ல?"

மணி ஒன்று இருபத்தைந்து. என்ன பறந்தாலும் இரண்டு நாற்பது.

மேலாளர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். இவளைத் தனியே தள்ளிக்கொண்டு போய், மெல்லிய குரலில், "பதறாதீங்க. நெட்வொர்க் கோளாறுன்னு போட்டுடலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். உங்க விஷயம் கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு, இப்பப் போய்..." என்றார்.

"நெட்வொர்க்னா நேரத்தைத் தள்ளி வைப்பாங்களா சார்?"

பின்னாலேயே வந்த அக்காதான் பதில் சொன்னார். "மாட்டாங்க. நம்ம தப்பா இருந்தாத்தான் பெரிய டாக்டர் நேரம் குடுப்பார். அதுவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் நின்றே சம்பாதித்த பேர் அந்தப் பார்வையில் இருந்தது. 'வேணாம்' என்று சொல்லிவிடத்தான் எனக்கு வாய் வந்தது. சத்தியமாக வந்தது. பையில் இருந்த போன் மறுபடி துடிக்குமோ என்று கையால் பிடித்துக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

ஆபரேஷன் அறை வாசலில் பெரிய டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "என்ன? ரெண்டு மணிக்கு 318 வராங்களா, இல்ல அடுத்தவங்களைக் கூப்பிடவா?"

"வராங்க சார். ஆனா ரெண்டே முக்கால் ஆகும். அவங்களுக்குச் செய்தி நேரத்துக்குப் போகல."

"ஏன் போகல?"

மேலாளர் இருமினார்.

"நான்தான் சார்" என்றாள். "எல்லா ஃபோல்டருக்கும் ஒரே கோப்பு வச்சேன். ஒத்திகைக் கோப்பை வச்சுட்டேன். எல்லாருக்கும் போக வேண்டியது என் வீட்டுக்காரருக்குப் போயிடுச்சு."

டாக்டர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். எனக்குக் கூசிப் போயிற்று.

"எழுதிக் குடு" என்றார்.

ஒரு தாளைச் சுவரில் வைத்து, நின்றபடியே எழுதினாள். பேனா சுவரில் ஓடாமல் இரண்டு தடவை உதறினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "மூணு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே! அவள் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தாள். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால்கூட நிதானமாகப் போகிற நான் அவளுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். நடுவழியில் இருவரும் இரண்டு தடவை முட்டிக்கொண்டோம். இரண்டே முக்காலுக்கு ஒரு பஸ் வந்தது, அதில் அவர் இல்லை. இரண்டு ஐம்பதுக்கு அவள் தெருவில் இறங்கி நின்றுவிட்டாள். இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லியான அம்மா இறங்கினார். எந்தப் பக்கம் ஆள் நிற்கிறது என்று தெரியாமல் வெறும் காற்றைப் பார்த்துக் கேட்டார்.

"போயிடுச்சாம்மா?"

"போகல, போகல! உள்ள வாங்க!" என்று இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமைப் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். படித்தவர், பணிவானவர், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நல்ல மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரே கோப்பை அவர் மாற்றவில்லை, அது நல்ல ஏற்பாடுதான் என்றார். அதன் தலைப்பில் இவள் எழுதி வைத்த குறிப்பையும் அழிக்கவில்லை: 'இங்கே எழுதுவது இருபத்திரண்டு இடத்துக்கும் போகும். அனுப்பும் முன் வேறு இரண்டு நம்பர்களில் பார்க்கவும்.' சோதனைக்கென்று ஆஸ்பத்திரியே தனியாக ஒரு போன் வாங்கிவிட்டது.

என் போன் ஓய்ந்துபோயிற்று. கூண்டின் மேல் நிற்கும்போது பை சும்மா இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏங்கிப்போனேன். வீட்டிலும் அவள் குறும்பை நிறுத்திவிட்டாள். பூட்டை மூன்று தடவை பார்த்தவள் ஐந்து தடவை பார்த்தாள். "போன பதவி போகட்டும்" என்று நான் சொன்னால், "பதவியா? அந்தம்மா கேட்ட கேள்விதாங்க காதுல நிக்குது" என்பாள். தைத்த கண் தெளிய மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் ஒருமுறை சிவந்துபோய்ச் சிக்கல் என்று கேள்விப்பட்டு நாலு நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நின்றுகொண்டுகூட.

ஏழு மாதம் கழித்து ஒரு மதியம், அதே ஒன்பது மாடிக் கட்டடத்தில், பையில் போன் துடித்தது. கையைத் துடைக்காமலே எடுத்தேன். அவளிடமிருந்துதான்.

'என்னங்க, கொஞ்சம் வாங்க.'

அவ்வளவுதான். ஜோக் இல்லை. ஸ்பேனர் கூண்டின் மேலேயே கிடக்க, நான் ஒன்பது மாடியும் படியில் இறங்கி ஓடினேன். வழியெல்லாம் என்னென்னவோ நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவள் அறைக் கதவைத் திறந்தால், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன, அசையாமல். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"அந்த காஜா அம்மா வந்துட்டுப் போறாங்க." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒண்ணும் பேசலங்க. பையிலேர்ந்து ஊசியையும் நூலையும் எடுத்து, இந்த ஜன்னல் கிட்ட நின்னு, ஒரே தடவையில கோத்துக் காட்டினாங்க. அப்புறம் கேட்டாங்க, 'அன்னிக்கு ஏன் லேட்டாச்சுன்னு யாருமே சொல்லலையே'ன்னு."

"சொன்னியா?"

"சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"இல்ல. ஊசியிலேர்ந்து நூலை உருவிட்டு என் கையில குடுத்தாங்க. 'எங்க, நீ கோத்துக் காட்டும்மா'ன்னாங்க. எனக்குக் கை நடுங்கி நடுங்கி நுழையவே இல்லங்க. சிரிச்சுட்டாங்க. 'மொதல்ல உக்காரு'ன்னாங்க."

மேஜையில் ஒரு வெள்ளைத் தாளில் அந்த ஊசி குத்தி வைத்திருந்தது, நூல் கோக்காமல். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.